அச்சடித்த பணமா, வெட்டிய கூலியா?

(மாணவர் அரங்கப் பொறுப்பாளர்களுக்கான கல்வி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடிகளை மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இந்த அமர்வின் பொருள். பாசிசம் பற்றிய வகுப்பு நமது கல்வி முகாம்களுக்குப் புதியதன்று. அந்த வகுப்புக்கு வரும் மாணவர்களும் ஏதும் அறியாமல் வருவதில்லை; ஒரு படத்தை மனத்தில் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். 1923-இல் பெர்லின் நகர வங்கியொன்றில், கூலி கொடுப்பதற்காகக் கூடைகளிலும் வண்டிகளிலும் காகிதப் பணத்தை ஏற்றுகின்ற படம் அது. என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்த படம். பாடத்தின் மற்றச் செய்திகள் மறந்துபோனாலும் அந்தப் படம் மறப்பதில்லை.

அந்தப் படத்துக்கும் ஹிட்லருக்கும் இடையே மாணவர்கள் தாமாகவே ஒரு நேர்கோடு இழுத்துவிடுகிறார்கள். அரசு அளவு மீறி நோட்டு அடித்தது. விலைவாசி கட்டுக்கடங்காமல் போனது. வெறுத்துப்போன மக்கள் ஹிட்லரை அழைத்து வந்தார்கள். மூன்றே வாக்கியங்களில் கதை முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு எளிது, நினைவில் வைப்பதற்கும் எளிது. ஆனால் இக்கதையின் நடுவே பத்து ஆண்டுகள் காணாமற்போகின்றன. காணாமற்போன அந்தப் பத்து ஆண்டுகளில்தான் உண்மையான பாடம் இருக்கிறது.

இந்தக் குழப்பம் நம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியப் பொதுமக்களின் நினைவைப் பற்றி 2021-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது. 1923-இன் மிகைப் பணவீக்கத்தையும் 1930-களின் பெருமந்தத்தையும் அங்கும் பலர் ஒன்றாகக் கலந்து, ஒரே நெருக்கடியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே ஆசிரியரின் முதற்பணி.

ஆண்டுகளை வரிசைப்படுத்துவோம்

வகுப்பைத் தத்துவ விளக்கத்தோடு தொடங்க வேண்டாம். கரும்பலகையில் ஆண்டுகளையும் எண்களையும் எழுதுவதோடு தொடங்கலாம்.

மிகைப் பணவீக்கம் 1923 நவம்பரில் முடிவுக்கு வந்தது. 1924 மே மாதத் தேர்தலில், நாஜிகளும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த வலதுசாரிகளும் சேர்ந்து பெற்ற வாக்கு 6.5 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் நடந்த தேர்தலில் அது 3 விழுக்காடாகக் குறைந்தது. 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது வெறும் 2.6 விழுக்காடு, நாடாளுமன்றத்தில் 12 இடங்கள். நோட்டுகளை வண்டியில் ஏற்றிய காலம் கடந்து ஐந்து ஆண்டுகள் ஆகியும், ஹிட்லர் ஜெர்மானிய அரசியலின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வரிகளையும் எழுத வேண்டும். 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காடு, 107 இடங்கள். 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு, 230 இடங்கள். இரண்டே ஆண்டுகளில் 12 இடம் 107 ஆயிற்று. மேலும் இரண்டே ஆண்டுகளில் 107 இடம் 230 ஆயிற்று. இந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் விலைவாசி உயர்ந்துகொண்டிருந்ததா என்று மாணவர்களைக் கேளுங்கள். பெரும்பாலோர் ஆமென்றே சொல்வார்கள். உண்மையில் விலைகள் வீழ்ந்துகொண்டிருந்தன. கூலியும் வீழ்ந்தது, உற்பத்தியும் வீழ்ந்தது. உயர்ந்தது வேலையின்மை ஒன்றுதான். 1929 செப்டம்பரில் பதிவு செய்திருந்த வேலையற்றோர் சுமார் 13 லட்சம். 1932 பிப்ரவரியில் 61 லட்சம்.

இந்த எண்களைக் கண்ட பிறகு பழைய நேர்கோடு தானே அறுந்துபோகும். அதன் பின்னரே விளக்கத்துக்கு இடம் பிறக்கும்.

1923: எரிகிற வீட்டில் பிடுங்கியவர்கள்

அப்படியானால் 1923 முக்கியமற்றதா? மிகவும் முக்கியமானது. ஆனால் ‘அரசு நோட்டு அடித்தது’ என்று சொல்வது எப்படி நடந்தது என்பதற்கு விடை. ஏன் நடந்தது, யாருக்காக நடந்தது என்பவற்றுக்கு விடையன்று. மூலத்தை விட்டுவிட்டு அச்சு இயந்திரத்தைக் குறை கூறுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

மூலம் 1914-இல் இருக்கிறது. ஜெர்மானியப் பேரரசு போரைப் பெரும்பாலும் கடன் வாங்கியே நடத்தியது. செல்வந்தர்கள்மீது வரி போடுவதைத் தவிர்த்துப் போர்க்கடன் பத்திரங்களை விற்றது. வென்ற பின் தோற்ற நாடுகளிடமிருந்து தண்டம் வசூலித்துக் கடனை அடைக்கலாம் என்பது ஆளும் வர்க்கத்தின் கணக்கு. போரில் தோற்றது ஜெர்மனி. பழைய கடனோடு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் சுமையும் சேர்ந்துகொண்டது. 1921-இல் நேச நாடுகள் நிர்ணயித்த இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க்.

அப்போதும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது: இந்தச் சுமையைத் தாங்குவது யார்? 1919-20-இல் நிதியமைச்சராக இருந்த எர்ஸ்பெர்கர் செல்வத்தின்மீது வரி விதிக்கும் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தார். போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டவர் என்பதால் ஏற்கெனவே வலதுசாரிகளின் கடும் பகைக்கு ஆளானவர் அவர். 1921 ஆகஸ்டில் வலதுசாரிக் கொலைஞர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். வரி செலுத்தத் தாமதித்தாலே போதும், தேய்ந்துவரும் மார்க்கில் வரியின் மதிப்பும் தேய்ந்துவிடும் என்பதைச் செல்வந்தர்கள் விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள். தொழிலாளிக்கோ அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய வரி கூலியிலேயே பிடித்தம் செய்யப்பட்டது.

1923 ஜனவரி 11-ஆம் நாள் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நிலக்கரியும் எஃகும் விளையும் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அங்குள்ள தொழிலாளர்கள் வேலைக்குச் செல்லாமல் எதிர்ப்புக் காட்டினர். அவர்களுக்கான ஊதியத்தை வரி மூலம் திரட்டாமல் குனோ அரசு நோட்டு அடித்தே கொடுத்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க்காக இருந்த மதிப்பு, 1923 ஜனவரியில் சுமார் 18,000 மார்க், ஜூலையில் 3.5 லட்சம் மார்க். நவம்பர் நடுவில் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை ஏறத்தாழ 20,000 கோடி மார்க் ஆயிற்று.

இவ்விடத்தில் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மைய வங்கி அரசியல்வாதிகளின் கையில் இருந்தால் நோட்டு அடித்துத் தள்ளிவிடுவார்கள், ஆகவே அது ‘சுதந்திரமாக’ இருக்கவேண்டும் என்பார்கள் இன்றைய நிபுணர்கள். ஜெர்மனியின் மைய வங்கியான ரைக்ஸ்பேங்க், நேச நாடுகளின் வற்புறுத்தலால் 1922 மே மாதத்திலேயே சட்டப்படி அரசிடமிருந்து தன்னாட்சி பெற்றுவிட்டது. மிகைப் பணவீக்கம் உச்சத்துக்குப் போனது அதற்குப் பின்னர்தான். அதன் தலைவர் ஹாவன்ஸ்டைன் அரசுக்குப் பணம் தந்தது உண்மை. அதே வேளையில், 1922-இன் நடுவிலிருந்து தனியார் நிறுவனங்களின் வணிக உண்டியல்களையும் தாராளமாக ஏற்றுக் கடன் வழங்கினார். விலைகள் பல மடங்கு உயர்ந்துகொண்டிருந்த 1922 ஜூலை வரை, வங்கியின் வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடாகவே இருந்தது. 1923 ஜனவரியில்கூட 12 விழுக்காடுதான்.

இதன் பொருளை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஓர் ஆலை முதலாளி 1923 ஜனவரியில் 1.8 கோடி மார்க் கடன் வாங்குகிறார். அன்றைய மதிப்பில் அது 1,000 டாலர். அதை நிலக்கரியாகவோ இயந்திரமாகவோ அயல்நாட்டு நாணயமாகவோ மாற்றி வைத்துக்கொள்கிறார். ஜூலையில் கடனை வட்டியோடு திருப்பித் தருகிறார். அப்போது அத்தொகையின் மதிப்பு 60 டாலருக்கும் குறைவு. மீதி 940 டாலர் எங்கிருந்து வந்தது? சேமிப்பு வைத்திருந்த ஆசிரியரிடமிருந்தும், ஓய்வூதியம் பெற்ற முதியவரிடமிருந்தும், வாரக் கடைசியில் கூலி வாங்கிய தொழிலாளியிடமிருந்தும் வந்தது. ஹூகோ ஸ்டின்னஸ் போன்ற பெருமுதலாளிகள் கடன் வாங்கியே சுரங்கங்களையும் கப்பல்களையும் செய்தித்தாள்களையும் வாங்கிக் குவித்தனர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொழிலாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. கூலி வாரத்துக்கு இருமுறையாகி, பின்னர் நாள்தோறும் வழங்கப்படும் நிலை வந்தது. வாங்கிய கூலி கடைக்குப் போவதற்குள் கரைந்தது. மதிப்புக் குறையாத கூலி வேண்டும், விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூலியும் உயரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கோரின. நம் நாட்டுத் தொழிலாளி ‘பஞ்சப்படி’ என்ற ஒற்றைச் சொல்லில் எதைப் புரிந்துகொள்கிறாரோ, அதுதான் அந்தக் கோரிக்கை. 1923 ஆகஸ்டில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தம் குனோ அரசைக் கவிழ்த்தது.

நவம்பர் 15-ஆம் நாள் ரெண்டன்மார்க் என்ற புதிய நாணயம் வெளியிடப்பட்டது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க். பணவீக்கம் நின்றது. ஆனால் அதை நிறுத்திய செலவை யார் ஏற்றார்கள்? லட்சக்கணக்கான அரசு ஊழியர்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டனர். ஆண்டிறுதியில் தொழிற்சங்க உறுப்பினர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. 1918 நவம்பர்ப் புரட்சியில் வென்ற எட்டு மணி நேர வேலைநாள் 1923 டிசம்பர் ஆணையால் உடைக்கப்பட்டது. சாக்சனியிலும் துரிங்கியாவிலும் கம்யூனிஸ்டுகள் பங்கேற்ற தொழிலாளர் அரசுகள் இராணுவத்தைக் கொண்டு கலைக்கப்பட்டன. பணவீக்கம் ஏறும்போதும் உழைப்பவர் இழந்தார். அது இறங்கும்போதும் உழைப்பவரே இழந்தார்.

சேமிப்பை இழந்த நடுத்தர வர்க்கம் குடியரசின்மீது நம்பிக்கையையும் இழந்தது. பின்னாளில் நாஜிகள் விதைத்த நஞ்சுக்கு அந்த நிலம் 1923-இலேயே உழப்பட்டது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் உழுத நிலத்தில் விதை ஐந்து ஆண்டுகள் முளைக்கவில்லை. அது முளைக்க வேறொரு மழை தேவைப்பட்டது.

1930–32: எதிர்த்திசையில் வந்த நோய்

1924-க்குப் பின் ஜெர்மனி அமெரிக்கக் கடனில் நிமிர்ந்தது. அமெரிக்க வங்கிகள் குறுகிய காலக் கடன் தந்தன. அந்தப் பணத்தில் ஜெர்மனி தொழிலை நடத்தி, இழப்பீட்டையும் செலுத்தியது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும் கடன் வரத்து நின்றது. கொடுத்த கடனும் திரும்பக் கேட்கப்பட்டது. 1931 மே மாதத்தில் வியன்னாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி நொடித்தது. ஜூலையில் பெர்லினில் டானட் வங்கி கதவடைத்தது. ஜெர்மனியின் தொழில் உற்பத்தி 1932-க்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது.

விலை குறைந்தால் நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை. அதை ஒதுக்கிவிடவும் கூடாது. வேலை நிலைத்திருந்து, கூலியும் குறையாமல் இருந்தால் விலைக்குறைவு நல்லதே. மந்தத்தில் அப்படி நிகழ்வதில்லை. சரக்கு விற்கவில்லை என்று முதலாளி விலையைக் குறைக்கிறார். லாபம் குறைகிறது என்று கூலியை வெட்டுகிறார், ஆளைக் குறைக்கிறார். கூலி இழந்தவர் கடைக்குப் போவதில்லை. ஆகவே சரக்கு இன்னும் விற்பதில்லை. கடன் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. விளைபொருள் விலை பாதியானால், கடனாளி உழவர் அதே கடனை அடைக்க இருமடங்கு விளைச்சலை விற்கவேண்டும். பணவீக்கம் கடன் கொடுத்தவரைத் தின்றது; பணவாட்டம் கடன் வாங்கிய சிறு உழவரையும் சிறு வணிகரையும் தின்றது.

இந்த நோய்க்கு 1930 மார்ச்சில் ஆட்சிக்கு வந்த புரூனிங் கொடுத்த மருந்து, நோயை இன்னும் வளர்த்தது. வேலையற்றோர் காப்பீட்டுக்கான சந்தாவை யார் எவ்வளவு கூடுதலாகச் செலுத்துவது என்ற தகராறில்தான் முந்தைய கூட்டணி அரசு கவிழ்ந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். புரூனிங் நாடாளுமன்றப் பெரும்பான்மை இன்றி, குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டங்களைக் கொண்டு ஆண்டார். அரசு ஊழியர் ஊதியம் பலமுறை வெட்டப்பட்டது. நலத்திட்டச் செலவு சுருக்கப்பட்டது, வரிகள் கூட்டப்பட்டன. 1931 டிசம்பர் அவசரச் சட்டம் கூலிகளை 1927 ஜனவரி நிலைக்குத் தள்ளியது. இழப்பீட்டுச் சுமை, தங்க நாணய முறையின் கட்டுப்பாடு, மூலதனம் வெளியேறும் அச்சம் எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. எந்தக் காரணம் கூறப்பட்டாலும் வெட்டு விழுந்த இடம் ஒன்றுதான்.

நாஜி வாக்குகளின் வளர்ச்சியை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். சிக்கன நடவடிக்கைகள் கடுமையாக இருந்த பகுதிகளில் நாஜிகளின் வாக்கும் கூடுதலாக உயர்ந்தது என்று 2021-இல் வெளியான மற்றோர் பொருளாதார வரலாற்று ஆய்வு காட்டுகிறது. வேலையிழந்த தொழிலாளர்களே ஹிட்லரை ஏற்றிவைத்தார்கள் என்ற பழிச்சொல்லுக்கு அடிப்படை இல்லை. வேலையற்றோர் நாஜிகளைக் காட்டிலும் கம்யூனிஸ்ட் கட்சிக்கே பெரிதும் வாக்களித்தனர் என்பது தேர்தல் ஆய்வுகள் நிறுவிய செய்தி. நாஜிகளின் பக்கம் பெருமளவில் சாய்ந்தவர்கள், தம்மிடம் இருப்பதும் போய்விடுமோ என்று அஞ்சிய சிறு உடைமையாளர்களும், கடனில் மூழ்கிய உழவர்களும். வேளாண் பகுதியான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 1932 ஜூலையில் நாஜிகள் பெற்றது 51 விழுக்காடு.

இந்தியாவும் அறிந்த மந்தம்

பெருமந்தம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் நிகழ்ந்ததன்று. இந்திய மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கையில் இந்தியக் கிராமத்தை விட்டுவிடலாகாது. 1929-க்கும் 1933-க்கும் இடையே இந்தியாவில் விளைபொருள் விலைகள் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தன. நிலவரியும் வட்டியும் குறையவில்லை. ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற உயர்ந்த அளவிலேயே பிரித்தானிய ஆட்சி பிடித்து வைத்திருந்தது. வரியும் கடனும் கட்ட, உழவர் குடும்பங்கள் நகைகளை விற்றன. 1931-க்குப் பின் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் பெறுமான தங்கம் இந்தியாவிலிருந்து இலண்டனுக்குப் போனது. அதைத் ‘துயரத் தங்கம்’ என்றே அன்று அழைத்தார்கள்.

அன்று இந்தியப் பேரரசின் பகுதியாக இருந்த பர்மாவில், செட்டியார் வட்டிக்கடைகளிடம் கடன் பெற்றிருந்த பர்மிய உழவர்கள் நிலம் இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு. 1937-இல் 25 விழுக்காடு. அந்த உழவர்களின் கோபம் 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கிளர்ச்சியாக வெடித்தது. மலேயாவில் ரப்பர் விலை வீழ்ந்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கடன் கொடுத்தவரும் தமிழர், கூலி இழந்தவரும் தமிழர். நெருக்கடி இனம் பார்ப்பதில்லை, வர்க்கம் பார்க்கிறது என்பதை விளக்க இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இந்த மந்தத்தின் பின்னணியில்தான் 1936-இல் அகில இந்திய விவசாயிகள் சங்கம் பிறந்தது. 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்ததும் அந்தப் பின்னணியில்தான். ஜெர்மனியில் உழவரின் துயரம் நாஜிகளிடம் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் அது பெருமளவுக்கு விடுதலை இயக்கத்திடமும் விவசாயிகள் இயக்கத்திடமும் வந்து சேர்ந்தது. நெருக்கடி தானாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. களத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது திரும்புகிறது.

1923-இன் பூச்சாண்டி

இரண்டு நெருக்கடிகளையும் பிரித்துக் கற்பித்த பின், அவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்ட இடத்தையும் காட்டவேண்டும். அந்த இடம் 1932.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு திட்டத்தை முன்வைத்தது. வொய்டின்ஸ்கி, டார்னோ, பாடே ஆகிய மூவர் வகுத்தது. அரசு 200 கோடி மார்க் செலவிட்டுச் சாலை, வீடு, நிலச் சீரமைப்பு முதலிய பொதுப்பணிகளில் 10 லட்சம் பேருக்கு வேலை தரவேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் திட்டத்தைச் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையே ஏற்கவில்லை. ‘நிதி மூலதனம்’ நூலின் ஆசிரியரும், முன்னாள் நிதியமைச்சருமான ஹில்ஃபர்டிங் அதை எதிர்த்தார். மீண்டும் பணவீக்கம் வந்துவிடும் என்பதே முதன்மையான அச்சம். 61 லட்சம் பேர் வேலையின்றி நின்ற நாட்டில், ஆலைகளில் பாதி இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்த நாட்டில், விலைகள் வீழ்ந்துகொண்டிருந்த நாட்டில், ஒன்பது ஆண்டுகளுக்கு முந்திய பணவீக்கத்தைக் காட்டி வேலைத்திட்டம் முடக்கப்பட்டது. 1923-இன் நினைவு 1932-இல் பூச்சாண்டியாகப் பயன்பட்டது. வரலாற்றைக் குழப்பிக் கற்றதன் விலை அத்துணைப் பெரிது.

முதலாளி வர்க்கம் ஏன் வேலைத்திட்டங்களை வெறுக்கிறது என்பதைப் போலந்துப் பொருளியலறிஞர் மைக்கேல் கலெக்கி 1943-இல் விளக்கினார். எல்லோருக்கும் வேலை நிலைத்துவிட்டால், ‘வேலையை விட்டு நீக்கிவிடுவேன்’ என்ற மிரட்டல் ஆலையில் செல்லுபடியாகாது. லாபம் கூடினாலும் அந்த அதிகாரம் போவதை முதலாளிகள் பொறுப்பதில்லை. இந்த ஒரு கருத்தை மாணவர்கள் பற்றிக்கொண்டால், சிக்கனம் என்ற சொல்லின் உள்ளே இருக்கும் அரசியலும் அவர்களுக்கு விளங்கிவிடும்.

மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

வகுப்பில் மூன்று கேள்விகள் தவறாமல் எழும். மூன்றுக்கும் நேர்மையான விடை வேண்டும்.

முதற்கேள்வி: ஹிட்லர் வேலையின்மையை ஒழித்தார் அல்லவா? முந்தைய அரசுகள் கடைசி நேரத்தில் ஒதுக்கிய பொதுப்பணி நிதியையும் அவர் ஆட்சி பயன்படுத்திக்கொண்டது. விரைவில் போர்த்தளவாட உற்பத்தியே முதன்மையாயிற்று. அதற்கான பணத்தை ஷாக்ட் மெஃபோ என்ற பெயரளவு நிறுவனத்தின் உண்டியல்கள் மூலம் மறைவாகத் திரட்டினார். 1933 மே 2-ஆம் நாள் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறைப்பட்டனர், கூலி மந்தகால நிலையிலேயே இறுக்கி வைக்கப்பட்டது. முதலாளிகள் அஞ்சிய ‘முழு வேலை’, உரிமையற்ற தொழிலாளரைக் கொண்டு, பேரழிவை நோக்கிய வேலையாக நிறைவேறியது. இதைச் சாதனை என்று சொல்பவர் 1939-ஐயும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இரண்டாம் கேள்வி: அப்படியானால் பணவீக்கம் தீங்கற்றதா? இல்லை. விலைவாசி உயர்வு உழைக்கும் மக்களின் கூலியைத் திருடுகிறது. அதை எதிர்த்துப் போராடுவது நம் இயக்கத்தின் அன்றாடக் கடமை. சோவியத் ரஷ்யாவும் உள்நாட்டுப் போரின்போது பணமதிப்பு அழிவைச் சந்தித்தது. 1922-இல் செர்வோனெட்ஸ் நாணயத்தை வெளியிட்டு, 1924 சீர்திருத்தத்தால் நிலைநிறுத்தியது. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உற்பத்தி முடங்கி, பொருள் இல்லாத நாட்டில் பணத்தைப் பெருக்கினால் விலை ஏறும். உழைக்கும் கையும் இயந்திரமும் சும்மா கிடக்கும் நாட்டில் அரசு செலவிட்டால் உற்பத்தி பெருகும். எந்த நிலைமை எங்கே நிலவுகிறது என்று பார்த்துப் பேசுவதே மார்க்சியம்.

மூன்றாம் கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது: அவ்வளவு வலுவான இடதுசாரி இயக்கம் இருந்தும் ஏன் தோற்றது? 1932 நவம்பர்த் தேர்தலில் நாஜிகள் 20 லட்சம் வாக்குகளை இழந்து 196 இடங்களுக்கு இறங்கினர். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100. இரண்டும் சேர்ந்தால் 221. ஆனால் அவை சேரவில்லை. ஒரு தரப்பு புரூனிங்கின் கூலிவெட்டைச் சகித்துக்கொண்டது. மறு தரப்பு சமூக ஜனநாயகவாதிகளையே ‘சமூக பாசிஸ்டுகள்’ என்றது. வாக்குச் சரிந்த ஹிட்லரை மீட்டவர்கள் மேல்தட்டினர். 1933 ஜனவரி 4-ஆம் நாள் கொலோனில், வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில் பாப்பெனும் ஹிட்லரும் பேரம் பேசினர். அம்மாத இறுதியில் ஹிட்லர் பிரதமர். கம்யூனிஸ்ட் அகிலம் 1935-இல் தன் ஏழாவது மாநாட்டில், டிமிட்ரோவின் அறிக்கை வழியாக, இந்தப் படிப்பினையை ஏற்று ஐக்கிய முன்னணி முழக்கத்தை முன்வைத்தது. ஜெர்மானியத் தோழர்களுக்கு அது காலங்கடந்து வந்தது. பல்லாயிரவர் அப்போது சிறையிலும் வதை முகாமிலும் இருந்தனர். இந்தப் பகுதியைக் கற்பிக்கும்போது குரலை உயர்த்தவேண்டாம். எண்களை எழுதிவிட்டு மாணவர்களை யோசிக்க விட்டால் போதும்.

இன்றைய தேவை

இவையெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முந்திய செய்திகள்தானே என்று எண்ணவேண்டாம். அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று எவரேனும் கோரினால், உடனே வண்டியில் ஏற்றிய நோட்டுகளின் படம் எடுத்துக் காட்டப்படுகிறது. இந்தியாவில் 2003-இன் நிதிப் பொறுப்புச் சட்டம் நிதிப்பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் நிறுத்தவேண்டும் என்ற இலக்கை வைத்தது. மாநில அரசுகளின் கைகளும் அதே வகையில் கட்டப்பட்டுள்ளன. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 4 விழுக்காடு பணவீக்கம் என்ற இலக்கு சட்டமாயிற்று. வேலைவாய்ப்புக்கு இத்தகைய இலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டுமென்றால் செல்வந்தர்மீது வரி போடலாம். ஆனால் 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30-இலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1921-இன் ஜெர்மனியும் 1931-இன் ஜெர்மனியும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

தோழர்களே, பாடத்தைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்வோம். எந்த நெருக்கடியைக் கற்பித்தாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இது நடந்தது எந்த ஆண்டு? கடன் யாருடையது? கூலி யாருடையது? ஆண்டைக் கேட்டால் கட்டுக்கதை உடையும். கடனைக் கேட்டால் ஆதாயம் பெற்றவர் தெரிவார். கூலியைக் கேட்டால் சுமை தாங்கியவர் தெரிவார். அந்த வண்டிப் படத்தை வகுப்பிலிருந்து அகற்றவேண்டியதில்லை. அதன் அருகிலேயே 1932-இல் வேலைவாய்ப்பு அலுவலக வாசல்களில் நின்ற மக்களின் நெடிய வரிசையையும் வைத்து, எந்தப் படத்தின் ஆண்டில் நாஜிகள் 37 விழுக்காடு வாக்குப் பெற்றார்கள் என்று கேட்கவேண்டும். வரும் கல்வியாண்டில் நடைபெறவிருக்கும் பாசிச எதிர்ப்பு வகுப்புகளை இந்த வரிசையில் திட்டமிடுவது மாணவர் அரங்கத் தோழர்களின் உடனடிப் பணியாகட்டும்.